பதினெட்டு மாதத்தில் வருகிறேன் என்று போன மதாம்

அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் மனுக்களோடு குடும்பம் நடத்தியவன் நான். விநோதமான மனுக்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் 1969-ல், பிரான்சில் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில் உள்ள தீஞ் என்ற சிறிய ஊரில் ஒரு பாட்டியம்மாள் கொடுத்த மனு மாதிரி ஒன்று என் மேஜைக்கு வந்ததே இல்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துத் தரவேண்டும் என்ற சாதாரண மனுதான். மனுதாரரின் வயது நூறு. மூட்டு வாதத்தால் வீட்டுக்குள்ளேயே ஊன்றுகோல் இல்லாமல் நடமாட முடியாதவர். இருந்தும் பாஸ்போர்ட் காலாவதியாகக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த ஊர் குமாஸ்தா அதை வாங்கிப் படித்தபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. எப்படியோ, புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். சட்டத்தில் வயது வரம்பு ஏது?

அந்த அம்மாளின் பெயர் அலெக்ஸாந்த்ரா தவித்-நேல். ஆங்கிலத்தில் படித்த நண்பர்கள் டேவிட்-நீல் என்பார்கள். நான் பிரெஞ்சுப் பள்ளியில் அடி வாங்கிப் படித்தவன், என் வாய்க்கு இப்படித்தான் வரும். 1924-ல் பிச்சைக்காரி வேஷத்தில் திபெத்தின் லாசா நகருக்குள் போய், அந்தப் புனித நகரத்தைப் பார்த்த முதல் ஐரோப்பியப் பெண் என்று பெயர் பெற்றவர். அவருடைய லாசா புத்தகத்தை நம் ரோமன் ரோலான் நூலகத்திலிருந்து எடுத்து, வேலையில் சேர்ந்த புதிதில் ஒரே வாரத்தில் படித்து முடித்தேன். அப்போது எனக்கு அவர் ஒரு வீராங்கனை, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு, அவர் கணவருக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு கைக்குக் கிடைத்தது. அதைப் படித்த பிறகு எனக்கு அந்த அம்மாளைவிட, அந்தக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்ட மனிதர் மேல்தான் ஞாபகம் போகிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

அலெக்ஸாந்த்ரா பிறந்தது 1868, அக்டோபர் 24, பாரிஸை ஒட்டிய சேன்-மாந்தேயில். தகப்பனார் பள்ளி ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர், குடியரசுக் கட்சிக்காரர், விக்தோர் ஹுய்கோவுக்கு நண்பர். பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே வீட்டில் கால் தரிக்காது. பாரிஸில் கிமே மியூசியத்தில் புத்தர் சிலைகளையும் கீழைநாட்டு நூல்களையும் பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1890-களின் தொடக்கத்தில், கைக்கு வந்த ஒரு சொத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறினார். பணம் தீர்ந்ததும் ஊர் திரும்பினார். பிழைப்புக்காக ஆப்பெரா பாடகி ஆனார். 1895-ல் ஹனோய் நகரத்து ஆப்பெராவில் முதல் பாடகி. பின்னால் துனிஸில் பாடப் போன இடத்தில் பிலிப் நேல் என்ற ரயில்வே எஞ்சினீயரைச் சந்தித்தார். 1904 ஆகஸ்டில் இருவருக்கும் துனிஸிலேயே திருமணம் நடந்தது.

பிலிப் நல்ல சம்பளக்காரர், நன்றாக உடுத்துபவர், வீடு வாசல் என்று இருக்க விரும்பியவர். அந்த அம்மாளுக்கோ நாலு சுவருக்குள் மூச்சு முட்டியது, உடம்புக்கும் முடியாமல் போயிற்று. ஏழு வருஷம் தாக்குப் பிடித்தார்கள். 1911 ஆகஸ்டில் பிலிப்பே போய்வா என்று அனுப்பி வைத்தார். பதினெட்டு மாதத்தில் திரும்பி விடுவேன் என்று அலெக்ஸாந்த்ரா வாக்குக் கொடுத்தார். அவர் மறுபடி பிரான்சில் கால் வைத்தது 1925 மே மாதம். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தின் ஆரம்பத்தில்தான், 1911 நவம்பரில், நம் புதுச்சேரிக்கு வந்தார். வந்தது அரவிந்தரைப் பார்க்க. பின்னாளில் ஸ்ரீ அன்னை என்று நாம் அறிந்த மிர்ரா அம்மையார் பாரிஸில் அவருக்குச் சிநேகிதி. அந்தச் சமயத்தில் நம் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மணியாச்சியில் ஆஷ் துரை சுடப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பாரதியார் இங்கே இருந்தார். தெருவுக்குத் தெரு வெள்ளைக்காரனுடைய வேவுகாரர்கள். எல்லைக்குள் வந்து கைது செய்ய முடியாதே தவிர, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். அரவிந்தரோடு மாலையில் உட்கார்ந்து பேசிவிட்டு ரயிலேறிய மதாமை, சென்னையில் போலீஸ் அதிகாரி மரியாதையாக விசாரித்தார். புதுச்சேரியில் உங்களுக்கு என்ன வேலை, அந்த மனிதரை எப்படித் தெரியும் என்று. பிரிட்டிஷ் போலீஸோடு அவருக்கு ஏற்பட்ட முதல் பரிச்சயம் அது. கடைசிப் பரிச்சயமும் அல்ல.

வடக்கே போனார். 1912 ஏப்ரலில் காலிம்போங். டார்ஜிலிங் பக்கத்து மலை ஊர். திபெத்திலிருந்து கம்பளி மூட்டை ஏற்றிவரும் கோவேறு கழுதைகள் ஜெலெப் கணவாய் தாண்டி வந்து இறங்கும் சந்தை ஊர். சீனப் படைகளுக்குத் தப்பி வந்த பதின்மூன்றாம் தலாய் லாமா அப்போது அங்கே தங்கியிருந்தார். ஐரோப்பியப் பெண் ஒருத்திக்கு அவர் பேட்டி கொடுத்தது அதுதான் முதல் தடவை. திபெத்திய மொழியைப் படியுங்கள் என்று சொல்லியனுப்பினார். நல்ல யோசனை. மொழி தெரியாமல் புண்ணிய தலம் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேர் பார்ப்பது மாதிரிதானே.

பிறகு சிக்கிமில் காங்டாக், நேபாளத்தில் காட்மாண்டு, புத்தர் பிறந்த லும்பினி, அங்கிருந்து காசி. காசியில் பல மாதம் தங்கிப் பண்டிதர்களோடு வேதாந்தம் படித்தார். பதினெட்டு மாதக் கெடு காசியில் இருக்கும்போதே முடிந்து போயிற்று. கடிதங்களில் அதைப்பற்றி எழுதுகிறார், இன்னும் கொஞ்ச நாள் என்கிறார். நம் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து சொல்வார்களே, அந்தத் தொனிதான். பிலிப் பணம் அனுப்புவதை நிறுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காலத்தில் மணியார்டரா, டிராஃப்டா, எந்த பாங்கு வழியாக, எந்தக் கான்சல் ஆபீஸ் வழியாக என்று அந்த மனிதர் எத்தனை வரிசைகளில் நின்றிருப்பார்! புத்தகத்தில் பனிமலைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. வரிசைகளுக்கு இல்லை.

1914-ல் சிக்கிமுக்குத் திரும்பியபோது அவரிடம் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். பெயர் அப்பூர் யோங்தென். வயது பதினைந்து. சிக்கிம் மலைக் கிராமத்துப் பிள்ளை. ஊர் உலகம் பார்க்கலாம் என்று வந்தவன். அன்றிலிருந்து நாற்பத்தோரு வருஷம், அவன் சாகும் வரை, அந்த அம்மாளை விட்டுப் பிரியவில்லை.

வடக்கு சிக்கிமில் லாச்சென் என்ற ஊருக்கு மேலே, ஏறக்குறைய 4000 மீட்டர் உயரத்தில் ஒரு குகை. அங்கே இருந்த துறவியிடம் இரண்டு வருஷம் சீடராக இருந்தார். முதல் உலகப் போர் ஐரோப்பாவைத் தின்றுகொண்டிருந்த காலம். இவர் குகையில் உட்கார்ந்து திபெத்திய நூல்கள் படித்துக்கொண்டிருந்தார். 1916-ல் அனுமதி இல்லாமல் எல்லையைத் தாண்டி ஷிகாட்சேக்குப் போனார். அங்கே தஷில்ஹுன்போ மடத்தில் பஞ்சென் லாமா அவரை உபசரித்தார். திரும்பி வந்ததும் பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் பெல் அவரை சிக்கிமை விட்டு வெளியேற உத்தரவிட்டார். அதோடு விடவில்லை. மதாம் எல்லை தாண்டியதைத் தெரிவிக்கவில்லை என்று, குகைக்குக் கீழே இருந்த கிராமத்து ஜனங்களுக்கும் கூட்டு அபராதம் விதித்தார்கள்.

இந்த இடத்தை முதல் தடவை படித்தபோது நான் ஒரே மூச்சில் தாண்டிப் போய்விட்டேன். இப்போது தாண்ட முடியவில்லை. மலைக் கிராமத்தில் நாலு யாக் மாடும் பார்லி நிலமும் வைத்திருந்தவர்கள் அந்தப் பணத்தை எப்படிக் கட்டினார்கள்? அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது, உண்மை. அந்தக் கோபத்தில்தான் லாசாவை எப்படியும் பார்த்துவிடுவது என்று சபதம் எடுத்தார். அபராதம் கட்டியவர்களுக்கு அந்தச் சபதத்தால் என்ன ஆகப்போகிறது? இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. 1882-ல் நம் வங்காளத்துச் சரத் சந்திர தாஸ் லாசாவுக்குப் போய்வந்தார். அவர் பிரிட்டிஷாருக்கு வேவு பார்த்தவர் என்று பின்னால் தெரிந்ததும், அவருக்கு இடம் கொடுத்து உதவிய செங்சென் லாமாவை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது திபெத்திய அரசு. தாஸ் டார்ஜிலிங்கில் வீடு கட்டிக்கொண்டு அகராதி எழுதினார். நல்ல அகராதிதான்.

சரி, கதைக்கு வருகிறேன். தெற்கு வாசல் மூடியதால் அம்மாள் உலகத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலுக்குப் போனார். ஜப்பான், கொரியா, பீக்கிங். பிறகு சீன எல்லைப்புறத்தில் கும்பும் மடம். அங்கே இரண்டரை வருஷத்துக்கு மேல் தங்கி மொழியையும் நூல்களையும் கரைத்துக் குடித்தார். யோங்தெனும் கூடவே வளர்ந்து லாமா ஆனான்.

1923 அக்டோபர் கடைசியில் யுன்னானில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வீட்டிலிருந்து, செடிகொடி சேகரிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கூலிக்காரர்களை ஆளுக்கொரு சாக்குச் சொல்லி வெவ்வேறு பாதையில் திருப்பி அனுப்பினார்கள். பிறகு இருவர் மட்டும். அவருக்கு வயது 55. முகத்தில் கொக்கோ தூளும் அரைத்த கரியும் பூசிக்கொண்டார். தலைமுடிக்குச் சீன மை. அதோடு யாக் மயிரில் பின்னிய சவுரி. துணிக்குள்ளே ஒரு கைத்துப்பாக்கி, திசைகாட்டி, கொஞ்சம் பணம். ஊர்ப்புறத்தில் கேட்டால் அம்மாவும் லாமா மகனும் தீர்த்த யாத்திரை போகிறோம் என்ற பதில். ககார்போ என்ற புனித மலையைப் பிரதட்சணம் செய்ய ஏராளமான ஜனங்கள் நடக்கும் பாதை அது. நம் திருவண்ணாமலை கிரிவலத்தில் ஒரு அயலூர்க் கிழவியை யார் கவனிப்பார்கள், அதே கணக்கு.

ஆரம்பத்தில் இரவில் நடந்து பகலில் ஒளிந்தார்கள். போகப் போக தைரியம் வந்தது. குடியானவர் வீடுகளில் தங்கினார்கள். வீட்டுக்காரர்கள் யோங்தெனைக் கம்பளத்தில் உட்காரவைத்து, லாமா ஐயா, காணாமல் போன மாடு கிடைக்குமா, சீக்காளிக்குக் குணமாகுமா என்று குறி கேட்பார்கள். கிழவி தரையில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். பையன் குறி சொல்லிச் சம்பாதித்த மாவும் வெண்ணெயும்தான் இருவருக்கும் சாப்பாடு. லாசா வரைக்கும் அம்மாளுக்குச் சோறு போட்டது யோங்தெனின் நாக்கு. அவன் ஒரு வார்த்தை பிசகியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

ஓரிடத்தில் ஆற்றுக்கு மேலே கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டு கடக்கும்போது, இழுக்கும் கயிறு அறுந்து நட்டாற்றில் அந்தரத்தில் தொங்கினார். இன்னொரு இடத்தில் யோங்தென் பனிப் பள்ளத்தில் விழுந்து கால் பிசகிவிட்டது. சாப்பிட ஒன்றும் இல்லை. செருப்புத் தைக்க வைத்திருந்த தோல் துண்டுகளை வேகவைத்துக் குடித்தார்கள். இதையெல்லாம் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். எழுதுகிறவர் சிரிக்கலாம். வீங்கின காலோடு கோலூன்றி அடுத்த கணவாய் வரை நடந்தவன் சிரித்தானா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

1924 தொடக்கத்தில், திபெத்தியப் புத்தாண்டு நேரத்தில், லாசாவுக்குள் நுழைந்தார்கள். தூரத்தில் போத்தாலா தெரிந்த சற்று நேரத்தில் புழுதிக் காற்று கிளம்பி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. அந்தப் புழுதி மறைவிலேயே ஊருக்குள் போய்விட்டார்கள், யாரும் தடுக்கவில்லை. இரண்டு மாதம் இருந்தார்கள். பெரிய பிரார்த்தனைத் திருவிழா, வெண்ணெயில் செய்த சிற்பங்கள், விளக்குகள், நெரிசல். போத்தாலா மேலே ஏறும்போது வாசலில் இருந்தவன் தொப்பியைக் கழற்று என்று அதட்டினான். கழற்றினால் உள்ளே மை வெளுத்த பழுப்பு முடி, பக்கத்தில் கன்னங்கரேலென்ற சவுரி. கோமாளி மாதிரி நிற்கிறார். கூட்டம் சிரித்துவிட்டுக் கடந்து போய்விட்டது.

லாசாவிலிருந்து பிப்ரவரி கடைசியில் பிலிப்புக்கு எழுதினார். வந்து சேர்ந்துவிட்டேன் என்று. அந்தச் செய்தி உலகத்துக்குத் தெரிவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தாரே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பிறகு கியாங்சே வழியாக இறங்கினார்கள். அங்கே இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் முன்னால் ஒரு பிச்சைக்காரி வந்து நின்று, நான் லாசாவிலிருந்து வருகிறேன் என்று அவர்கள் பாஷையில் சொன்னபோது அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! அந்த ஒரு காட்சிக்காக, லாச்சென் கிராமத்தார் கொஞ்சம் மன்னித்திருக்கலாம்.

1925-ல் பிரான்ஸ் திரும்பினார். பிலிப்போடு மறுபடி குடித்தனம் நடத்தும் காலம் கடந்துவிட்டது. இருவருமே அதைப் புரிந்துகொண்டு விலகி வாழ்ந்தார்கள். கடிதம் மட்டும் நிற்கவில்லை. 1927-ல் லாசா புத்தகம் வந்து ஊரெல்லாம் பேச்சு. 1928-ல் தீஞ் ஊரில் வீடு வாங்கி 'சம்தென் த்சோங்' என்று பெயர் வைத்தார், தியானக் கோட்டை என்று அர்த்தம். யோங்தெனைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுத்தார். ஆல்ப்ஸ் மலை ஊர்ப் பதிவேட்டில் சிக்கிம் பிள்ளையின் பெயர் ஏறியது.

1937-ல் மறுபடியும் சீனாவுக்குப் போய், ஜப்பான் யுத்தத்தில் மாட்டிக்கொண்டு தாத்சியென்லு என்ற மலை ஊரில் வருஷக் கணக்கில் முடங்கினார்கள். அங்கே இருக்கும்போதுதான் 1941-ல் பிலிப் இறந்த செய்தி வந்தது. உலகத்தில் தனக்கிருந்த ஒரே சிநேகிதர் போய்விட்டார் என்று துக்கப்பட்டார். பிரான்சுக்கு வந்து பார்த்தபோது, முப்பது வருஷக் கடிதங்களையும் பிலிப் பத்திரமாக வைத்திருந்தது தெரிந்தது. குறிப்புகளாக எடுத்துக்கொள்ள உதவும், பத்திரப்படுத்தி வையுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிலிப் அதை ஓர் உத்தரவு மாதிரி நிறைவேற்றியிருக்கிறார். காசி, காங்டாக், கும்பும், லாசா என்று தேதி வாரியாக இன்று நாம் அந்தப் பயணத்தைப் பின்தொடர முடிகிறதென்றால், அது ஒரு மேஜை இழுப்பறையைப் பூட்டி வைத்த மனிதரின் புண்ணியம். அவை 1970-களில் இரண்டு தொகுதிகளாக அச்சாயின.

ஒரு காரணம் உண்டு என்றேனே. என் சித்தப்பா 1946-ல் சொல்தாவாக சைகோனுக்குப் போனார். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனவர், 1955-ல் வந்தார். நான் ஆறு வயதுப் பிள்ளை, துறைமுகத்தில் நின்று பார்த்தது நினைவிருக்கிறது. ஒன்பது வருஷக் கடிதங்களைச் சித்தி ஒரு பிஸ்கட் டின்னில் நூல் கட்டி வைத்திருந்தார். சித்தப்பா போன பிறகும் வைத்திருந்தார். சைகோன் தெருக்கள், மலைக்காட்டுச் சண்டை, அங்கே கடை வைத்திருந்த நம் ஊர்க்காரர்கள், காத்தினா வீதி, எல்லாம் அதில் உண்டு. பள்ளிக்கூடத்துப் பையனாக நானே சிலதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். சித்தி காலமானபோது நான் காரைக்காலில் மாற்றலில் இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன், டின்னைப் பார்த்தேன், அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்த தடவை வந்தபோது வீட்டுக்கு வெள்ளையடித்து, பழையதெல்லாம் கடைக்குப் போய்விட்டிருந்தது. ரெக்கார்டு ரூம் சாவி இடுப்பில் இருந்த மனிதன் நான். அரசாங்கத்தின் ஒரு காகிதம் என் காலத்தில் தொலைந்தது கிடையாது.

யோங்தென் 1955 அக்டோபரில் தீஞ் வீட்டில் இறந்தார். வாரிசாக இருக்க வேண்டியவர், அம்மாளுக்கு முன்பே போய்விட்டார். 1959-லிருந்து மரி-மதலேன் பெய்ரோனே என்ற பெண்மணி செயலாளராக வந்து கடைசிவரை பார்த்துக்கொண்டார். 1969 செப்டம்பர் 8-ம் தேதி, நூற்றியோராவது பிறந்த நாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, அலெக்ஸாந்த்ரா காலமானார். புதுப்பித்த பாஸ்போர்ட் வீட்டிலேயே இருந்தது.

1973 பிப்ரவரியில் பெய்ரோனே அம்மையார் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். காசியில் கங்கையில், தாயின் அஸ்தியையும் மகனின் அஸ்தியையும் ஒன்றாகக் கரைத்தார். பிலிப் மட்டும் அதில் இல்லை. அவர் தெற்கு பிரான்சிலேயே இருந்துவிட்டார், வழக்கம்போல.